பூட்டிய வீடும் பக்கத்து வீடும்

நம் அக்கம்பக்கத்தார் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். வெளியூர் கிளம்பும்போது பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். வாசலில் சேர்ந்து கிடக்கும் செய்தித்தாளும், பகலிலும் எரியும் விளக்கும் ஆளில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். இருப்பவர்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு பகிருங்கள்.

அப்புறம், புது ஆள் நின்றால் "யாரைப் பார்க்கணும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வழி தெரியாதவருக்கு அது உதவி. நோட்டம் பார்க்க வந்தவருக்கு, தன்னைக் கவனித்துவிட்டார்கள் என்று புரியும். தோற்றத்தை மட்டும் வைத்துச் சந்தேகப்பட்டு யாருடைய படத்தையும் இங்கே போடாதீர்கள், அது பெரிய தவறு. பூட்டை ஆட்டிப் பார்ப்பது, கார்க் கதவுகளை வரிசையாக இழுத்துப் பார்ப்பது போல ஏதாவது கண்ணில் பட்டால் துரத்த வேண்டாம். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு முதலில் காவல்துறையை அழையுங்கள், பிறகு குழுவில் எழுதுங்கள்.