விடுதி வார்டன்களுக்கு ஒரு தோல் மருத்துவரின் திறந்த மடல்

வணக்கம். சொறிந்துகொண்டிருக்கும் ஒரு பிள்ளையை மட்டும் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, கூடப் படுக்கும் மற்றவர்களை விட்டுவிடுகிறீர்கள். சிரங்கு உங்கள் விடுதியை விட்டுப் போகாததற்கு அதுதான் காரணம்.

சிரங்குப் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெண் பூச்சி மேல்தோலைக் குடைந்துகொண்டே போய் முட்டையிடும். பூச்சி, அதன் முட்டை, கழிவு இவையெல்லாம் உடம்புக்கு ஒவ்வாமல் போவதால்தான் அரிப்பு வருகிறது. முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் பூச்சி பக்கத்துப் பாய்க்குப் பரவியிருக்கும். அரிக்கிறவனை ஊருக்கு அனுப்பி என்ன பயன்?

இரவில் அரிப்பு கூடுகிறது என்று பிள்ளை சொன்னால், கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். விரல் இடுக்கிலும் மணிக்கட்டின் உள்பக்கத்திலும் பென்சிலால் லேசாகக் கிறுக்கியதுபோல் வளைந்த சாம்பல் கோடு தெரியலாம். பல நேரம் சொறிந்த காயமும் சிறு கொப்புளமும்தான் மிஞ்சியிருக்கும். அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களிலும் வரும். கடைசி இடத்தைப் பையன்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். அழுக்குப்பிள்ளை என்ற பேச்சும் வேண்டாம். தினமும் குளிக்கிறவருக்கும் இது வரும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஆயின்மென்ட் வேண்டவே வேண்டாம். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு அடங்கும், அடையாளம் மங்கும், பூச்சி பெருகும்.

மருத்துவர் பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம் எழுதித் தந்தால், அறையில் இருக்கும் எல்லோரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூச வேண்டும், அரிப்பு இல்லாதவரும்தான். நக இடுக்கையும் விடக் கூடாது. கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். காலையில் குளிக்கலாம். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. துணி, போர்வையை வெந்நீரில் துவையுங்கள். முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் ஓரமாக வையுங்கள். தோலை விட்டு விலகிய பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைப்பது அரிது.

அப்புறமும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தினமும் பூசவிடாதீர்கள். நான்கு வாரம் தாண்டியும் அரித்தால் திரும்பக் காட்டுங்கள். புண்ணில் சீழ் வைத்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே கூட்டிவாருங்கள்.

அடுத்த முறை ஒருவரை அனுப்பும்போது அறையில் தங்கும் எல்லோருடைய பெயர், வயது, எடையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.