தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவர்களைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

போன சங்கடஹர சதுர்த்தி அன்று நடந்ததை நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த அம்மா அர்ச்சனைத் தட்டை நீட்டிவிட்டு, “ஐயர் எப்போ வருவார்?” என்று கேட்டார். “நான்தாம்மா பூசை செய்றேன், பேர் நட்சத்திரம் சொல்லுங்க” என்றாய். பூணூலைத் தேடி உன் தோளை ஒரு தரம் பார்த்தவர், தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். நீ ஒன்றும் சொல்லவில்லை. நடை சாத்தும்போதுதான், “தீட்சையைத் திருப்பிக் கொடுக்க வழி இருந்தால் கொடுத்துடுவேன் அக்கா” என்றாய். நேரில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடித்து நீ இந்தப் பிள்ளையார் கோயிலுக்கு வந்த புதிதில் நானும் தயங்கினேன். மந்திரம் சரியாக வருமா என்று காது கொடுத்துக் கேட்டேன். அப்புறம் ஒரு மார்கழி விடிகாலை. குடத்துத் தண்ணீரைச் சட்டென்று பிள்ளையார் தலையில் ஊற்றாமல், உன் புறங்கையில் கொஞ்சம் விட்டுப் பார்த்தாய். ரொம்பச் சில்லென்று இருந்திருக்கும் போல. மடப்பள்ளியில் போய் வெந்நீர் கலந்து எடுத்து வந்தாய். துதிக்கை மடிப்பில் தேங்கிய எண்ணெயைத் துணி நுனியால் ஒற்றி எடுத்தாய். யாரும் பார்க்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. அன்றைக்கு என் தயக்கம் போயிற்று.

பரம்பரைக் குருக்கள் வீட்டில் பிறக்காமல் அர்ச்சகரான உன்னைப் போன்றவர்களைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசாத நாளில்லை. நாத்திகர்கள் கோயிலுக்குள் ஆள் அனுப்புகிறார்கள் என்கிறது ஒரு தரப்பு. சமூகநீதியின் வெற்றி என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டாவது தரப்புக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது, அதை மறுக்க மாட்டேன். கடவுளே இல்லை என்ற பெரியார்தான் 1970-இல் கருவறை நுழைவுப் போராட்டம் நடத்தப் போவதாக அறிவித்தார். அதைத் தொடர்ந்துதான் பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்கும் சட்டம் வந்தது. பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும், ஆனால் நியமனம் கோயில் பூசை விதிகளைச் சொல்லும் ஆகமங்களின்படி இருக்க வேண்டும் என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ‘ஆனால்’தான் உன் வயதைத் தின்றது. 2006-இல் எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை, பயிற்சிப் பள்ளிகள், மறுபடி வழக்கு. உன்னோடு படித்தவர்கள் 200 பேருக்கு மேல். 2021 ஆகஸ்ட் 14 அன்று பயிற்சி முடித்த 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தபோது, பட்டியலில் உன் பெயர் இல்லை என்று தெரிந்தும் தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாயே, அது என்ன மனசு!

ஆனால் இரண்டு தரப்புமே உன்னிடம் ஒன்றைக் கேட்கவில்லை: உனக்கு ஏன் இந்த ஆசை? பெரியாருக்கு அது மானப் பிரச்சினை. உனக்கு அது மட்டுமா? பிள்ளையாரைத் தொட்டுக் குளிப்பாட்ட வேண்டும், பூச்சூட்ட வேண்டும் என்று பத்து வயதில் தோன்றியது என்றாய். அதைப் பக்தி என்று ஏற்றுக்கொள்ள இவர்களுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?

காளத்தியில் கண்ணப்பர் செருப்புக் காலைச் சிவன் மேல் வைத்துக்கொண்டுதான் தன் கண்ணை அப்பினார். காவிரிக்கரையில் ஒதுங்கி நின்ற திருப்பாணாழ்வாரை லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து அரங்கனிடம் கொண்டுபோனார். இந்தக் கதைகளைக் கண்ணீரோடு கேட்கிற ஊரில்தான் உன்னிடமிருந்து தட்டு திரும்பிப் போகிறது. அந்த அம்மாவின் குலதெய்வம் எதுவோ, அங்கே பூசாரி யாராக இருப்பார்? மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் பருவதராஜ குலத்தார்தான் முறை வைத்துப் பூசை செய்கிறார்கள். அவர்கள் கையால் வாங்கிய விபூதியை எல்லாச் சாதிக்காரர்களும் நெற்றி நிறையப் பூசிக்கொள்கிறார்கள். அங்கே இனிக்கிற கை இங்கே மட்டும் எப்படிக் கசக்கும்?

பரம்பரையாகப் பூசை செய்கிற குருக்கள் வீடுகளின் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. தட்டுக்காசை நம்பி ஒருகால பூசைக் கோயிலில் காலம் தள்ளுகிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நீயும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

தீட்சையைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சு மட்டும் வேண்டாம். உனக்கு அதை அரசாங்கம் கொடுக்கவில்லை, தட்டைத் திருப்பி வாங்கிய அந்த அம்மாவும் கொடுக்கவில்லை.

வருகிற சதுர்த்திக்கு என் பேத்தி ஊரிலிருந்து வருகிறாள். ரோகிணி நட்சத்திரம். முதல் அர்ச்சனை அவள் பேருக்கு. அருகம்புல் நான் பறித்து வருகிறேன், வெந்நீருக்கு விறகும் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
எதிர்வீட்டு அக்கா