ஜெயித்த வழக்குக்கு இன்னும் எத்தனை வாய்தா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் அந்தியூர் பக்கம் மஞ்சக்காடு பார்த்துக்கொண்டிருக்கும் முன்னாள் ஹவில்தார். 1992-ல் கோவையில் ஆள் எடுத்தபோது ராணுவத்தில் சேர்ந்தேன். ஓட்டம், நெஞ்சளவு, கண், காது எல்லாம் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதித்தான் எடுத்தார்கள். 24 வருஷம் கழித்து அனுப்பும்போது, பிரஷர் இருக்கிறது, 30 சதவீத ஊனம், ஆயுளுக்கும் போகாது என்று மெடிக்கல் போர்டு எழுதியது. சரி. ஆனால் அதற்கும் ராணுவ வேலைக்கும் சம்பந்தமில்லையாம். பீஸ் ஸ்டேஷனில், அதாவது சண்டைப் பகுதி இல்லாத முகாமில், இருந்தபோது கண்டுபிடித்ததால் அது என் உடல்வாகாம். காஷ்மீரில் குப்வாரா மலையில் இரண்டரை வருஷம் கிடந்துவிட்டு இறங்கிவந்த நாலாம் மாதம் அது!

எங்கள் ஆட்கள் இதை ‘நானா’ என்போம். வேலையால் வந்ததும் இல்லை, வேலையால் கூடியதும் இல்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அது ஃபைலில் ஏறிவிட்டால் ஊனப் பென்ஷன் கிடையாது.

தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பின்னால் வந்தது வேலையால் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும். இல்லை என்பவர்கள்தான் காரணத்தோடு காட்ட வேண்டும். என் போர்டு எழுதிய காரணம் ஒரே வரி. சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இதைப் பார்த்துத்தான் எனக்குச் சாதகமாகச் சொன்னது. 30 சதவீதத்தை விதிப்படி 50 ஆக்கி, அந்தக் கணக்கில் கொடுக்கச் சொன்னது. முழு ஊனத்துக்கே ஊனப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். என் பங்கு அதில் பாதி. கஜானா காலியாகிற தொகை இல்லைங்க.

அப்புறம்தான் வந்தது உயர்நீதிமன்ற நோட்டீஸ். எனக்குச் சாதகமான அந்த உத்தரவை எதிர்த்து அரசு ரிட் மனு போட்டிருக்கிறது. தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து உயர்நீதிமன்றம் போகலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லமாட்டேன். 2015-ல் வந்த தீர்ப்புக்குப் பிறகு தீர்ப்பாயத்தில் தோற்ற சிப்பாய்க்கு டெல்லியில் உள்ள உச்ச நீதிமன்றம் தவிர வேறு வழி இல்லாமல் இருந்தது. அந்தியூர்க்காரன் டெல்லி வக்கீலுக்கு எங்கே போவான்? அவனுக்காகத் திறந்த கதவு என்று சந்தோஷப்பட்டோம். அதே கதவு வழியாக அரசும் வந்து நிற்கிறது.

புதிதாக ஒரு சட்டக் கேள்வி இருந்தால் தாராளமாக வரட்டும். பத்து வருஷத்துக்கு முன்பே தீர்ந்துபோன விஷயத்துக்கு எதற்கு மேல்முறையீடு? பீஸ் ஸ்டேஷனில் வந்தது என்பதை மட்டும் சொல்லி மறுக்க முடியாது என்று 2025-ல் டெல்லி உயர்நீதிமன்றமும் சொல்லியாகிவிட்டது. அவர்கள் வக்கீலுக்கு ஃபீஸ் அரசு கொடுக்கிறது. எனக்கு மஞ்சள் விற்ற காசு.

மேல்முறையீடு செய்துதான் தீருவோம் என்றால், தீர்ப்பு வரும்வரை மாதப் பென்ஷனையாவது கொடுங்கள். தோற்றால் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக்கொடுக்கிறேன். நிலுவையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வாய்தாவுக்கு ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன். காலை பிரஷர் மாத்திரையை ரயிலிலேயே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஹவில்தார்,
அந்தியூர், ஈரோடு மாவட்டம்.