அது புதையல் இல்ல ஐயா, சாப்பாட்டுப் பெட்டி

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். போன மாசம் உங்கட ஞாயிறு பேப்பர்ல மூண்டாம் பக்கத்தில, திருகோணமலை மலைக்குகைக்குள்ள புதையல் எண்டு ஒரு செய்தி போட்டிருந்தீங்கள், ஆச்சரியக்குறி வேற ரெண்டு. நீங்கள் புதையல் எண்டது நாங்கள் விளையாட்டுக்கு ஒளிச்சு வச்ச ஒரு பெட்டி, அதுக்குக் காவல்காரன் நான்தான். காவல் எண்டா துவக்கோட நிக்கிறவன் இல்ல, மூண்டு மாசத்துக்கு ஒருக்கா ஏறிப்போய் பெட்டியைத் துடைச்சு பென்சிலைச் சீவி வச்சிட்டு வாறவன்.

உங்கட நிருபர் தம்பி எங்கட வீட்டுக்குத்தான் வந்தவர். நல்ல பொடியன், மரியாதையாக் கதைச்சவர், பிளேன்ரீ குடிச்சவர், மனிசி சுட்ட வடையும் ரெண்டு சாப்பிட்டவர். நான் ஒண்டரை மணித்தியாலம், கரண்ட் பில்லுக்குப் பின்னால படம் கீறிக்கூட விளங்கப்படுத்தினனான். எல்லாத்துக்கும் தலையாட்டிப்போட்டு கடைசியில எழுதினது 'புதையல்'. இதுக்கு ஏன் ஐயா என்னட்ட வந்தவர், கொழும்பில இருந்துகொண்டே எழுதியிருக்கலாமே, வடையாவது மிஞ்சியிருக்கும்.

இந்த நாட்டில புதையல் எண்ட சொல்லுக்கு என்ன அர்த்தம் எண்டு உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்ல. மண் அள்ளுற பெக்கோ மிசினோட, பூசாரியோட, கறுத்தச் சேவலோட இரவில போய்க் கிண்டி, விடிய பொலிஸ் பிடிச்ச செய்தியை நீங்கள்தானே அடிக்கடி போடுறீங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கு, அனுமதி இல்லாமத் தோண்டினா குத்தம் எண்டும் நீங்கள்தான் எழுதுறீங்கள். எல்லாம் தெரிஞ்ச ஆக்கள் ஒரு பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டிக்கு அந்தப் பேரை வச்சா நாங்கள் யாரிட்டப் போய்ச் சொல்லுறது?

பெட்டிக்குள்ள என்ன இருந்தது எண்டு சொல்லுறன், எழுதிவையுங்கோ. சிப் வச்ச பையுக்குள்ள ஒரு கொப்பி, ஒரு பென்சில், ரொரன்ரோ ரெயில் ரோக்கன் ஒண்டு, ரெண்டு சோகி, கோட்டைக்கு வந்தவங்கள் ஆரோ வச்சிட்டுப்போன மான் படம் போட்ட சாவிக்கொத்து. அவ்வளவுதான் ஐயா பொக்கிசம்.

இதுக்கு ஜியோகாச்சிங் எண்டு பேர், ஒருத்தர் ஒளிச்சு வச்ச பெட்டியை மற்றவங்கள் போனில இடம் பாத்துத் தேடுற விளையாட்டு. முந்தி செற்றலைற்றை வச்சு இடம் காட்டுற ஜீபிஎஸ்ஸில பொதுசனத்துக்கு வாற சிக்னலுக்கு அமெரிக்கா வேணுமெண்டே ஒரு பிழையைச் சேர்த்து வச்சிருந்தது, நூறு மீற்றர் அளவில அங்கால இங்கால காட்டும். 2000ஆம் ஆண்டு மே மாசம் 2ஆம் திகதி அதை நிப்பாட்டினாங்கள். அடுத்த நாளே டேவ் அல்மர் எண்ட ஒருத்தர் ஒரிகன் மாநிலத்தில ஒரு காட்டுப்பக்கம் ஒரு வாளியில சாமானைப் போட்டு வச்சிட்டு, இடத்திண்ட அட்சக்கோடு தீர்க்கக்கோட்டை இன்ரநெற்றில போட்டார், முடிஞ்சாக் கண்டுபிடியுங்கோ எண்டு. அங்க அவங்கள் வாளி தேடின நேரம் நாங்கள் இங்க செக்பொயின்றில அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிண்டம், மலைப்பக்கம் திரும்பிப் பாக்கவே பயம். அதை விடுங்கோ. எடுத்தா எடுத்ததுக்குச் சமனா ஒண்டு வை, கொப்பியில பேரும் திகதியும் எழுது, இருந்த இடத்திலயே திரும்ப வை, இதுதான் முழு விளையாட்டும். மண்ணைக் கிண்டி ஒளிக்கப்படாது எண்டு விதியே இருக்கு. முதல் வாளியை அல்மர் அரைவாசி மண்ணுக்குள்ளதான் வச்சவர், அதை ஒத்துக்கொள்ளுறன், ஆனா விதி அதுக்குப் பிறகு வந்தது. கிண்டவே கூடாத ஒண்டுக்குப் புதையல் எண்டு பேர் வச்சிருக்கிறீங்கள்!

2018இல தங்கச்சியிண்ட மகன் ரொரன்ரோவில இருந்து வந்து நிக்கேக்க வச்ச பெட்டி அது. பக்கத்தில இருந்து பாக்க ஒருத்தர் வேணும் மாமா எண்டான், சரி எண்டிட்டன். நான் 27 வருசம் நில அளவையில வேலை செய்தனான், சங்கிலி இழுத்து, கோணம் அளக்கிற தியோடலைற் தூக்கித் தோள் தேஞ்சவன், ஒரு போனைப் பாத்து இடம் பிடிக்கிறதை முதல் நக்கலாத்தான் நினைச்சனான். பிறகு பாத்தா, அந்த மலையில போனும் சரியாத்தான் முழிக்குது.

உங்கட செய்தியில அந்த மலையை 'மேடு' எண்டு வேற போட்டிருக்கு. நுவரெலியாக்காரருக்கு மேடுதான், பீதுருதாலகாலைக்கு 2,524 மீற்றர், எங்கடதெல்லாம் அதிண்ட முழங்கால் மட்டும் வராது. ஆனா கச்சான் காத்து அடிக்கிற ஆடி மாசத்தில ஒருக்கா உங்கட தம்பி ஏறிப் பாக்கட்டும். விடிய அஞ்சரைக்கு வெளிக்கிடோணும், எட்டரைக்குப் பிறகு பாறை தோசைக்கல்லு, கை வைக்கேலாது. கீழ சூரைமுள்ளு, அதுக்கு மேல வீரையும் பாலையும், பாதையில கிடக்கிற யானை லத்தி ஈரமோ காஞ்சதோ எண்டு பாத்துத்தான் அடுத்த அடி. கடைசி நாப்பது அடி வெறும் வழுக்குப் பாறை, நாலு காலில ஏறிப்போனாத்தான் அந்தத் தாவாரம் தெரியும், பாறை முன்னுக்குத் தள்ளி வீட்டுக்கூரை மாதிரி நிக்கும், கீழ நாலுபேர் குந்தி இருக்கலாம். அதிலயிருந்து பாத்தா தூரத்தில கடல். அதுவரைக்கும் வழிகாட்டின போன் அந்த இடத்தில பைத்தியமாகிடும். செற்றலைற் 20,200 கிலோமீற்றர் உயரத்தில சுத்துது, ஆகக் குறைஞ்சது நாலிட சிக்னலாவது நேரா வரோணும், இங்க அரைவாசி வானத்தைப் பாறை மறைக்குது, வாற சிக்னலும் கல்லில பட்டுத் தெறிச்சு வருது, அப்ப அது இருபது முப்பது மீற்றர் தள்ளி அந்தரத்தில நிக்கச் சொல்லும். நம்பி நடந்தா நேரா ஆசுபத்திரிதான், அதுக்கும் அங்கால ரவுனுக்குத்தான் போகோணும். அதாலதான் நாங்கள் ஒரு குறிப்புக் குடுத்தனாங்கள், 'வௌவால் எச்சத்துக்கு எதிர்ப்பக்கம், கை எட்டுற உயரம்' எண்டு. கை எட்டுற உயரம் ஐயா, நிலத்துக்கு மேல.

அந்தப் பாறையில எழுத்து இல்ல, படி இல்ல, மழைத்தண்ணி உள்ள வராமப் பழைய ஆக்கள் நெத்தியில வெட்டுற காடி இல்ல. பாத்துத்தான் வச்சனாங்கள், இருந்திருந்தா அந்தப் பக்கமே போயிருக்கமாட்டம்.

உங்கட பேப்பர் வந்து சரியா ஒன்பதாம் நாள் ஏறிப்போனன். தாவாரத்துக்குக் கீழ இடுப்பளவு கிடங்கு. பக்கத்தில எரிஞ்ச கற்பூரம், வெட்டின தேசிக்காய், ஒரு சோடாப் போத்தல். பெட்டியை உடைச்சுப் போட்டிருந்தாங்கள், ரோக்கனைத் தங்கம் எண்டு நினைச்சுக் கொண்டுபோயிருக்கோணும், கொப்பி பத்தைக்குள்ள கிடந்தது. அந்தக் கொப்பியில உப்புவெளியில தங்கின ஜேர்மன்காரப் புருசன் பெண்சாதி எழுதியிருந்தாங்கள், கிண்ணியாப் பொடியள் மூண்டுபேர் 'தண்ணி கொண்டுவர மறந்திட்டம், இனி வரமாட்டம்' எண்டு எழுதிப்போட்டு நாலு மாசத்தில திரும்ப வந்து எழுதியிருந்தாங்கள். 2022இல பெற்றோல் இல்லாம மலையடி மட்டும் சைக்கிள் உழக்கிப்போய் நான் எழுதின பக்கமும் அதிலதான். வெயில்ல காயவச்சிருக்கிறன், மை ஊறிப்போச்சு.

சொல்ல வந்தாப்போல பழசையும் சொல்லுறன். கன்னியாவில சுடுதண்ணிக் கிணறு அஞ்சு எண்டு எழுதினீங்கள். ஏழு. செத்த தாய் தகப்பனுக்குக் கடமை செய்ய அங்க போன சனம் எல்லாத்துக்கும் எண்ணத் தெரியும். திருத்தம் எழுதி அனுப்பினன், வரேல்ல. மார்பிள் பீச் படத்தைப் போட்டு நிலாவெளி எண்டீங்கள், அதுக்கும் எழுதினன், அதுவும் வரேல்ல. பஸ் ஸ்ராண்ட் கழிவறை பற்றி ரெண்டு பக்கம் எழுதினது மூண்டு வரியா வந்தது, அதில ஒரு வரி என்ர பேர். திருகோணமலை எண்டா உங்களுக்குக் கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, கோட்டை மான், சீசனுக்குச் சீசன் புறாத்தீவு. இடையில மனிசர் இருக்கிறம்.

நான் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்ல. ரெண்டு வரி போடுங்கோ, 'அந்த மலையில புதையல் இல்ல, முந்தியும் இருக்கேல்ல' எண்டு. மூண்டாம் பக்கத்திலயே போட்டா நல்லம், இடம் இல்லாட்டி ராசிபலனுக்குக் கீழயாவது போடுங்கோ, கிண்டுற ஆக்கள் முதல் பாக்கிறது அதைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவைக்காரன்,
உப்புவெளி, திருகோணமலை.

பி.கு.: கிடங்கை நானும் பக்கத்து வீட்டுத் தம்பியுமாப் போய் மூடிப்போட்டம். புதுப் பெட்டி வேற இடத்தில. மலையிண்ட பேர் கேட்டு உங்கட தம்பி திரும்ப போன் எடுக்கவேண்டாம், வடைக்கு எண்டா வரலாம்.