நாற்காலி வாத்தியார்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிவிட்டது. திட்டுவதென்றால் இப்போதே திட்டி முடித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. நம் பள்ளி விசில் டீச்சரை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். என்னை நலம் கேட்பதற்கு முன்பே உன்னைத்தான் விசாரித்தார். அன்றும் இன்றும் நீதானே செல்லப்பிள்ளை!

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம், கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன மாத்திரை டப்பாவை எடுக்கத் தரையில் உட்கார்ந்தேன். எடுத்தும் விட்டேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. வீட்டில் யாரும் இல்லை. கையை ஊன்றினால் முழங்கால் மறுக்கிறது. முழங்காலை மடக்கினால் இடுப்பு மறுக்கிறது. அடிபடவில்லை, வலியும் இல்லை. காலில் தெம்பு இல்லை, அவ்வளவுதான். உட்கார்ந்தபடியே நகர்ந்து போய், மர நாற்காலியின் காலைப் பிடித்து, பிறகு இருக்கையைப் பிடித்து எழுந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பிரசவத்தில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை, கமலா.

பெரியவளிடம் சொன்னேன். மறுநாள் அவள் போனில் ஒரு பழைய அமெரிக்க டிவி நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினாள். கறுப்பு வெள்ளைப் படம். உடம்பை ஒட்டிய உடுப்பில் கட்டுமஸ்தான ஒரு மனிதர். மேடையில் அலங்காரம் ஒன்றும் கிடையாது, ஒரு நாற்காலி. அதைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்குகிறார், உட்கார்ந்து எழுகிறார், நம்மையும் செய்யச் சொல்கிறார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முந்தின நாள் என்னைத் தூக்கிவிட்டதும் ஒரு நாற்காலிதானே!

ஜாக் லாலேன் என்று பெயர். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்கிறேன். 1914இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சிறுவயதில் இனிப்பு என்றால் பைத்தியம். ஓயாத தலைவலி, கட்டுக்கடங்காத கோபம், படிப்பையும் பாதியில் விட்டவர். பதினைந்து வயதில் தாயார் ஓர் ஆரோக்கியச் சொற்பொழிவுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அரங்கம் நிரம்பிவிட்டதால் இவர்களை மேடையிலேயே உட்காரவைத்தார்களாம். அந்த ஒரு நாளோடு பையன் மாறிவிட்டான். 1936இல் ஓக்லாந்தில் உடற்பயிற்சிக்கூடம் திறந்தார். பெண்களும் முதியவர்களும் எடை தூக்கலாம் என்றார். மாரடைப்பு வரும், உடம்பு இறுகிப்போகும் என்று டாக்டர்களே பயமுறுத்திய காலம் அது.

டிவி நிகழ்ச்சி 1951இல் தொடங்கி 1985 வரை நடந்திருக்கிறது. காலை வேளையில், வீட்டிலிருக்கும் பெண்களுக்காக. குழந்தைகளை டிவி முன்னால் இழுக்க 'ஹாப்பி' என்று ஒரு வெள்ளை நாய். அவர்கள் போய் அம்மாவைக் கூட்டிவர வேண்டும்! துடைப்பக் கட்டை, துண்டு, நாற்காலி, இவைதான் கருவிகள். சமையலறையை விட்டு வெளியே வர முடியாதவளுக்கு அங்கேயே ஒரு வாத்தியார். நமக்கு அப்படி யார் சொன்னார்கள்? டிரில் பீரியடில் வயிற்றுவலி என்று நீ மரத்தடியில் உட்கார, துணைக்கு நானும் உட்கார்ந்ததுதான் நம் சரித்திரம்.

சாகசங்களும் உண்டு. 1956இல் 23 நிமிடத்தில் 1,033 தண்டால். எழுபது வயதில் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எழுபது படகுகளை நீந்தியே இழுத்திருக்கிறார். வாய் பிளந்துதான் படித்தேன். ஆனாலும் என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. சூடான படுக்கையை விட்டுக் குளிர்ந்த கூடத்துக்குப் போவது கஷ்டம் என்று அவரே சொல்வாராம். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது! இருந்தும் தினமும் சுமார் இரண்டு மணி நேரம், தொண்ணூறைத் தாண்டியும் செய்தார். 2011இல் போனபோது வயது 96. மனைவி எலைனும், முதலில் சந்தித்தபோது கையில் சிகரெட்டும் டோனட்டுமாக இருந்தவர், தொண்ணூறு கடந்தும் பயிற்சியை விடவில்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? உன் கடிதத்தின் கடைசி வரிக்காக. 'இனிமேல் என்ன, இருக்கும்வரை ஓட்டினால் போதும்' என்று எழுதியிருந்தாய். இரண்டு மாதமாக அந்த வரிக்குத்தான் எனக்குப் பதில் எழுத வரவில்லை. உன் வீட்டுக்காரர் போனபின் நீ வாசலுக்குக்கூட வருவதில்லை என்று உன் மருமகள் சொன்னாள். அவளிடம் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் கேட்டேன். தனியாகத் தரையில் உட்கார்ந்திருந்த அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு உன் நினைவுதான் வந்தது. உனக்கு அப்படி நேரக்கூடாதடி.

கைப்பிடி இல்லாத மர நாற்காலி ஒன்றைச் சுவரோரமாகப் போடு. பிளாஸ்டிக் வேண்டாம், நழுவும். மெதுவாக உட்கார், எழு. முதலில் கையை ஊன்றிக்கொள்ளலாம். நான் ஐந்தில் தொடங்கினேன். இன்று காலை பதினான்கு. மூச்சு வாங்கினாலோ முழங்கால் வலித்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். காலை ஆறரைக்கு நான் இங்கே நாற்காலி போடுகிறேன், நீ அங்கே போடு. எண்ணிக்கையை மட்டும் ஓர் அட்டையில் எழுதி அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

உன்,
ராஜி