இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். குழந்தைகள் தின விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தன. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து என் மனதை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

காலை மணி அடிக்கும்போது தெளிவாக இருக்கும் குழந்தை, பதினொரு மணிக்கு டெஸ்கில் தலையைச் சாய்த்துவிடுகிறது. தொட்டால் கொதிக்கிறது. கேட்டால், "அம்மா காலையில சிரப் குடுத்தாங்க மிஸ்" என்கிறது. பாராசிட்டமால் 4 முதல் 6 மணி நேரம் சூட்டைத் தணிக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. அதற்குள் வேனிலும் வகுப்பிலும் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தொற்று போய்விடுகிறது.

சென்ற மாதம் யு.கே.ஜி. குழந்தை ஒன்று மூச்சிழுப்போடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. ஒரே மூக்குச்சளி மாதிரியில் இன்ஃப்ளூயன்ஸா (ஃப்ளூ), ஆர்.எஸ்.வி. (சிறு பிள்ளைகளின் மூச்சுப்பாதையைத் தாக்குவது) என்று இரண்டு வைரஸ்கள். குழந்தை இப்போது நலம்; அதன் தாயின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். இரண்டுமா என்று நானும் திகைத்தேன். சிறு பிள்ளைகளிடம் இது அரிதல்ல என்றார் மருத்துவர். பி.சி.ஆர். பரிசோதனையில் பல வைரஸ்களை ஒன்றாகத் தேட முடிவதால் இப்போது தெரியவருகிறது. ரைனோ, அடினோ போன்ற சளி வைரஸ்கள் காய்ச்சல் விட்ட பிறகும் பல நாள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கும். முதல் சளி போகும் முன்பே அடுத்தது தொற்றிக்கொள்ளும். இரண்டு சேர்ந்தால் நோய் கட்டாயம் முற்றும் என்றில்லை. ஆனாலும் காய்ச்சலோடு வரும் குழந்தை, கொடுப்பதோடு வாங்கிக்கொண்டும் போகிறது.

லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் வீடுகளையும், பார்த்துக்கொள்ளப் பாட்டி தாத்தா இல்லாத வீடுகளையும் நான் அறிவேன். முழு வருகைப் பரிசு என்று ஒன்றை வைத்து உங்களை நெருக்கியதில் எங்களுக்கும் பங்குண்டு. அந்தப் பரிசை நிறுத்திவிட்டோம். விடுபட்ட பாடங்களை ஆசிரியர்களே எழுதி அனுப்புவார்கள்.

ஆனால் இதில் தளர்வு கிடையாது: காய்ச்சல் மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் மட்டும் அனுப்புங்கள். மருந்து கொடுத்து, மறைத்து அனுப்புவது மற்ற குழந்தைகளுக்குச் செய்யும் அநியாயம். அலுவலகத்திலிருந்து போன் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் யாராவது வந்து அழைத்துப் போக வேண்டும்.

போன முறை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கைக் கொடுக்காதீர்கள்; வைரஸுக்கு அது கேட்காது. மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

பரிசோதனை முடிவை மறைக்காமல் நேரில் வந்து சொன்ன அந்தத் தாயால்தான் யு.கே.ஜி. பெற்றோர் அனைவரையும் அன்றே எச்சரிக்க முடிந்தது. அவருக்கும், இருமும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு காலையிலேயே தகவல் சொல்லும் உங்கள் ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. பள்ளி திறக்கும் நாள் டைரியில் குறிக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்