பணத்தை அல்ல, வருடங்களைத் தேடு

கோத்தகிரி
ஜனவரி 11

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. ஹெத்தையம்மன் பண்டிகை முடிந்து ஊர் இப்போதுதான் பழைய நிலைக்கு வந்திருக்கிறது. இந்த வருடம் குளிர் கொஞ்சம் கடுமை. பள்ளத்துத் தோட்டங்களில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிவிட்டது. இலை வரத்து இல்லாததால் எங்கள் கூட்டுறவுத் தொழிற்சாலையில் தினமும் இயந்திரம் ஓடுவதில்லை. பெரியவன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பு, வீட்டில் தொலைக்காட்சிக்குத் தடை. நான் ஆசையாகப் போட்ட கேரட் பாத்தியைக் காட்டெருமை மிதித்துத் துவைத்துவிட்டது. அதனிடம் யார் போய் நியாயம் கேட்பது?

நாம் இங்கே சேர்ந்து வேலை பார்த்த கம்பெனியின் பழைய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சீட்டு என்று நீ அனுப்பிய நகலைப் பார்த்தேன். மங்கிப்போன டாட் மேட்ரிக்ஸ் எழுத்து, ஓரத்தில் நம் ஹெட் கிளார்க்கின் பச்சை மை. அந்த மனிதர் எதற்குத்தான் பச்சை மை போடாமல் விட்டார்! தொகை இருக்கும் இடத்தில் காகிதம் மடிந்து அழிந்திருக்கிறது. போகட்டும். ‘சி.பி.’ என்று தொடங்கும் கணக்கு எண் முழுசாகத் தெரிகிறது, அது போதும். கம்பெனி கை மாறிப் பூட்டுப் போட்டுப் பல காலம் ஆனாலும், அந்த எண்ணின் கீழ் கட்டிய பணம் உன் பெயரில்தான் இருக்கும். 58 வயது வரை வட்டியும் சேரும். இடையில் 2011இல் இப்படிக் கிடக்கும் கணக்குகளுக்கு வட்டியை நிறுத்தினார்கள், 2016இல் விதியை மாற்றி மறுபடியும் கொடுத்தார்கள்.

எவ்வளவு தேறும், எடுத்து மாடிக்குத் தளம் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. நீ தேட வேண்டியது பணத்தைவிட வருடங்களை.

சம்பளத்தில் உன்னிடம் பிடிக்கும் 12 சதவீதம் முழுவதும் பி.எஃப்.பில் சேர்கிறது. கம்பெனி கட்டும் 12இல் 8.33 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடுகிறது, மீதி 3.67தான் பி.எஃப்.புக்கு. ஓய்வூதியப் பக்கம் உன் பெயரில் வட்டி ஏறாது. அங்கே கணக்கில் ஏறுவது நீ வேலை பார்த்த காலம் மட்டும். அது பத்து வருடம் ஆனால் 58 வயதில் மாதாமாதம் ஓய்வூதியம். ஆகாவிட்டால் ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

உன் கணக்கைப் பார். இப்போதைய பனியன் கம்பெனியில் 2024இல் சேர்ந்தாய். 58 வயதில் அங்கே ஏழு வருடம்தான் ஆகியிருக்கும், ஓய்வூதியம் கிடையாது. இங்கே 1996 முதல் 2001 வரை ஐந்து வருடம், திருப்பூரில் முதல் கம்பெனியில் மூன்று வருடம். இவை இரண்டையும் இப்போதைய கணக்கோடு சேர்த்தால் பதினைந்து. கடைசி ஐந்து வருடச் சம்பளத்தின் சராசரியை வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். 14,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 3,000. பெரிய தொகையா என்றால் இல்லை. ஆனால் உன் ஆயுள் முழுவதும் வரும், உனக்குப் பிறகு உன் வீட்டுக்காரருக்குப் பாதி வரும். மாடித் தளம் அதைத் தருமா?

முதல் திருப்பூர் கம்பெனியை விட்டபோது 10சி படிவம் போட்டு ஓய்வூதியப் பங்கை வாங்கினாயா என்று நினைவுபடுத்திப் பார். வாங்கியிருந்தால் அந்த மூன்று வருடம் போயிற்று. அப்போதும் பன்னிரண்டு மிஞ்சும், பயமில்லை.

உன் சிக்கல் பெயரில்தான். சீட்டில் நீ வி. சரோஜா, அப்பா இனிஷியல். ஆதாரில் சரோஜா ராமசாமி. கல்யாணத்தோடு இனிஷியலை மாற்றிக்கொண்ட பெண்கள் எல்லோருக்கும் இந்தத் தலைவலி உண்டு. எங்கள் அலுவலகத்தில் பி.எஃப். காகிதங்களை நான்தான் பார்க்கிறேன். தோட்டத்து வேலையிலிருந்து வந்த பெண்களுடையதைப் பார்த்தால் உனக்கு அழுகை வரும். ஒரே பச்சையம்மாள் பெயர் செக்ரோல் என்னும் தோட்டத்து வருகைப் பதிவேட்டில் ஒரு மாதிரி, ரேஷன் அட்டையில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. பிறந்த தேதியோ யாரோ ஒரு கிளார்க் முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதியது. இருபது வருடம் கொழுந்து பறித்தவளிடம், நீதான் அவள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்கள்.

உனக்கு அந்த அளவுக்குச் சிரமம் இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழும் திருமணப் பதிவுச் சான்றிதழும் இருக்கின்றன. பெயர் திருத்தத்துக்கான கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் பழைய முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். பூட்டிய கம்பெனிக்கு முதலாளியை எங்கே தேடுவது? அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி, போஸ்ட் மாஸ்டர் போன்றவர்கள் சான்றொப்பம் இட்டாலும் ஏற்பார்கள். என் பழைய கணக்கில் வேலையை விட்ட தேதியே ஏறவில்லை. கம்பெனி கொடுத்த விடுவிப்புக் கடிதத்தைக் காட்டித்தான் சரிசெய்தேன். உன் கடிதமும் அந்த இரும்புப் பெட்டியில்தான் இருக்கும், தேடு.

யு.ஏ.என்., அதாவது எத்தனை கம்பெனி மாறினாலும் ஒருவருக்கு ஒரே பி.எஃப். எண் என்பது, 2014இல் வந்தது. உன் பழைய கணக்குகள் இரண்டும் அதற்கு முந்தையவை என்பதால் செல்போனில் தேடினால் அகப்படாமல் போகலாம். பெயர் சரியானதும், பழைய கணக்கை இப்போதைய கணக்குக்கு மாற்றக் கேட்கும் படிவம் 13ஐ இப்போதைய கம்பெனி வழியாகக் கொடு. மாதந்தோறும் 27ஆம் தேதி பி.எஃப். அலுவலகத்தார் மாவட்டத்துக்கு ஒரு முகாம் போடுகிறார்கள். திருப்பூரில் எந்த இடம் என்று விசாரித்துக்கொண்டு, மூலச் சான்றிதழ்களோடு நேரில் போ. பணம் மாறி வந்த பிறகு பாஸ்புக்கில் ஓய்வூதியப் பங்கு என்ற இடத்தில் பூஜ்யம் நிற்கும். பதறாதே, அங்கே மாறுவது வருடம், பணம் அல்ல.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன புரோக்கர் பக்கமே போகாதே. இதற்கெல்லாம் அலுவலகத்தில் ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஓ.டி.பி.யை அவனிடம் சொன்னாயானால் நானே திருப்பூருக்கு வந்து உன்னைத் திட்டுவேன்.

நம்மோடு பேக்கிங்கில் வேலை பார்த்த மேரியின் போன் எண் உன்னிடம் இருந்தால் எழுது. அவள் கணக்கும் இப்படித்தான் கிடக்கும், அவளுக்கு நம்மைவிட இரண்டு மூன்று வயது கூட. உன் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வசந்தா